1712 என்று போட்ட அட்டை

பிப்ரவரி 3

வாசிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது அலுவலகக் கடிதம். அட்டைகளைப் பற்றிய கேள்வியும் பதிலும் எழுத்தில்தான் இருக்க வேண்டும், கோப்பில் சேர வேண்டும் என்பது நம் விதி. அதனால் எழுதுகிறேன். பதினான்கு மாதங்களாக நாம் எழுதிக்கொள்ளாததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நம் ஆங்கிலம்–தமிழ் வரலாற்று அகராதியின் கடைசித் தொகுதி ஏப்ரலில் அச்சுக்குப் போகிறது. 'வொர்ரி' என்ற வினைச்சொல்லின் பதிவு இப்போது என் மேசையில். அந்தச் சொல்லுக்கான அட்டைகளில் பாதிக்குமேல் பழைய புத்தகங்களிலிருந்து எடுத்து எழுதியவர் நீங்கள்தான். ஆகவே உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பின்னால் கோப்பைப் படிப்பவருக்காகச் சுருக்கமாக எழுதிவைக்கிறேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல்லுக்குக் கழுத்தை நெரிப்பது என்று பொருள். பிறகு, சாப்பாடு தொண்டையில் அடைத்து மூச்சு முட்டுவதற்கும் அதையே சொன்னார்கள். பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் சொல் ஓநாய்க்கும் நாய்க்கும் போகிறது: ஆட்டின் குரல்வளையைக் கவ்விக் குதறுவது. பதினாறில் நாயின் இடத்துக்கு மனிதன் வருகிறான், இன்னொருவனை விடாமல் தாக்கி அலைக்கழிக்கிறான். பதினேழில் அது ஓயாத தொந்தரவாகிறது. பத்தொன்பதின் தொடக்கத்தில் ஒரு செய்தியோ நினைப்போ ஒருவர் மனதை வருத்துகிறது. கடைசியாக 1860 வாக்கில், யாரும் ஒன்றும் செய்யாமலே ஒருவர் தானாக உட்கார்ந்து கவலைப்படுவதற்கு அந்தச் சொல் வந்து சேர்கிறது. இன்று எல்லோரும் 'வொர்ரி பண்ணாதே' என்பது இந்தக் கடைசிப் பொருளில்.

இந்த வரிசையை உடைப்பது உங்கள் 93ஆம் எண் அட்டை. 'காலையில் தபால் வரும்வரை கவலைப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்' என்ற பொருளில் ஒரு பெண் எழுதிய வரி. ஆடு வளர்ப்போருக்கான அறிவுரை நூல் ஒன்றிலிருந்து, 88ஆம் பக்கம், ஆண்டு 1712. அப்படியென்றால் கடைசிப் பொருள் நூற்றைம்பது ஆண்டு முன்னாலேயே இருந்திருக்கிறது. சென்ற மாதம் புதிதாக வந்திருக்கும் தலைமை ஆசிரியர் இதைப் பார்த்து மகிழ்ந்து, முன்னுரையில் ஒரு பத்தியே எழுதிவிட்டார்.

அச்சுப்படி திருத்துபவர் மட்டும் ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய மாற்றம் என்றால் புத்தகத்தை இன்னொரு முறை திறந்து பார்க்க வேண்டும் என்கிறார். நியாயம்தான். அட்டையின் இடப்பக்கம் எடுத்து எழுதியவரின் கையெழுத்து இருக்கும். வேறொருவர் அதே புத்தகத்தைத் தானே திறந்து, வரியையும் ஆண்டையும் பார்த்துவிட்டு, வலப்பக்கத்தில் 'கண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த அட்டையில் இடப்பக்கம் உங்களுடையது. வலப்பக்கம் என்னுடையது.

அலுவலகம் நூலகக் கட்டடத்திலிருந்து இந்த ஊருக்கு மாறிவிட்டதால் என்னால் உடனே வர இயலாது. நூலகம் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தலைப்புப் பக்கம், 88ஆம் பக்கம் இரண்டின் நகலையும் எடுத்து அனுப்பவும்.

துணை ஆசிரியர்,
கடைசித் தொகுதி


பிப்ரவரி 11

துணை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நூலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள். நிலவறை அலமாரிகளைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். திறந்ததும் பார்த்து எழுதுகிறேன்.

பதிவின் வரைவைப் பற்றி ஒரு யோசனை. நாய் ஆட்டைக் குதறுவதற்கு ஒரு தமிழ்ச் சொல்லும், மனிதன் மனிதனைத் தொந்தரவு செய்வதற்கு வேறொரு தமிழ்ச் சொல்லும் போட்டிருக்கிறீர்கள். 'பிடுங்கு' என்று ஒரே சொல்லைப் போட்டால் என்ன? நாய் பிடுங்கிவிட்டது என்கிறோம். மேலதிகாரியின் பிடுங்கல் தாங்கவில்லை என்றும் சொல்கிறோம். அவர்கள் நடந்த அதே வழியில் நாமும் நடந்திருக்கிறோம். கோப்பைப் பின்னால் படிப்பவர் சந்தோஷப்படுவார்.

வாசிப்பாளர்

(தனித்தாள். கோப்புக்கு அல்ல.)

உங்கள் கடிதத்தை என் மனைவி இரண்டு முறை படித்தாள். "பதினாலு மாசம் கழிச்சு எழுதறாங்க, எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை இல்லையே" என்றாள். அலுவலகக் கடிதத்தில் அதற்கு இடம் கிடையாது என்று உங்களுக்காக நான்தான் வாதாடினேன். "நீங்க எப்பவும் அவங்க கட்சிதானே" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உங்களை என்னவென்று கூப்பிட்டு எழுதுவது என்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது. பதினேழு வருஷம் 'மேடம்' என்றேன். பிறகு 'சம்பந்தியம்மா' என்றேன், நீங்கள் முறைத்ததால் 'சம்பந்தி' என்று சுருக்கினேன். உங்கள் மகள் என் மகனை விட்டுப் போன பிறகு ஒன்றுமே கூப்பிடவில்லை. இப்போது மறுபடி பதவிக்கே வந்துவிட்டோம்.


பிப்ரவரி 16

வாசிப்பாளர் அவர்களுக்கு,

நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். வெள்ளையடிப்பு ஜனவரி இருபதோடு முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

'பிடுங்கு' நல்ல யோசனை. சேர்த்துவிட்டேன்.

நகல்களை இந்த மாத இறுதிக்குள் அனுப்பவும். முன்னுரை அச்சுக்கோப்புக்குப் போயாக வேண்டும்.

எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்டதாக உங்கள் மனைவியிடம் சொல்லவும்.

துணை ஆசிரியர்


பிப்ரவரி 26

(இது முழுவதுமே தனித்தாள்.)

வெள்ளையடிப்பு முடிந்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். நூலகத்துக்கே போன் போட்டுக் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும், உங்களை எனக்குத் தெரியாதா.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இருபது வருஷமாக எழுதிக் கொடுத்தவன் அட்டையை யாரோ ஒரு திருத்துநர் சந்தேகப்பட்டார் என்றதும், நீங்கள் ஒரு பேச்சுக்காவது 'அவர் எழுதினால் சரியாக இருக்கும்' என்று சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். பதினான்கு மாதத்துக்கு முன்னாலும் இப்படித்தான். 'உங்கள் மகனுக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை, அவனை வளர்த்த லட்சணம் அது' என்று எழுதினீர்கள். அந்த வரி எனக்கு மனப்பாடம். நானும் சும்மா இருக்கவில்லை, 'உங்கள் மகளுக்குப் பேசத்தான் தெரியும், கேட்கத் தெரியாது' என்று எழுதினேன். அது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

இந்தப் பாழாய்ப்போன சொல்லின் வரலாற்றை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் நெரிப்பவன் ஒருவன், நெரிபடுபவன் வேறொருவன். நடுவில் நாய், ஆடு. கடைசியில் இரண்டு பேரும் ஒரே ஆள். என் நிலைமை அந்தக் கடைசிப் பொருளில் இருக்கிறது. பசிக்கவில்லை, வேலை ஓடவில்லை. மனைவி கேட்டால் வயிறு சரியில்லை என்கிறேன்.

அட்டை பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். ஓர் அட்டை போனால் அகராதி குடிமுழுகிப் போகாது.


மார்ச் 4

வாசிப்பாளர் அவர்களுக்கு,

அட்டையைக் காரணம் இல்லாமல் எடுக்க முடியாது. எடுத்தால் ஏன் எடுத்தேன் என்று எழுத வேண்டும். வைத்தால் ஏன் வைத்தேன் என்று தெரிந்திருக்க வேண்டும். முன்னுரையில் அந்தப் பத்தி இருக்கிறது. தொகுதியின் தலைப்புப் பக்கத்தில் தொகுத்தவர் என்று என் பெயர் வரப்போகிறது. இருபது ஆண்டு வேலைக்கு அந்த ஒரு வரிதான். அது ஒரு தவறான ஆண்டின் மேல் உட்காரக் கூடாது.

ஒரே கேள்வி. புத்தகத்தைப் பார்த்துவிட்டீர்களா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

துணை ஆசிரியர்


மார்ச் 12

துணை ஆசிரியர் அவர்களுக்கு,

ஆம்.

93ஆம் அட்டையில் உள்ள ஆண்டு தவறு. அந்த நூல் ஒரு நூல் அல்ல. யாரோ இரண்டு சின்னப் புத்தகங்களைச் சேர்த்து ஒரே தோல் அட்டைக்குள் தைத்திருக்கிறார்கள். முதலாவது ஆடு வளர்ப்பு, 64 பக்கம், தலைப்புப் பக்கத்தில் 1712. இரண்டாவது ஒரு பெண் தன் தங்கைக்கு எழுதிய கடிதங்கள். அதன் தலைப்புப் பக்கம் கிழிந்து போயிருக்கிறது. பக்க எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. நான் எடுத்த 88ஆம் பக்கம் இரண்டாவதில் இருக்கிறது. கடைசித் தாளின் அடியில் அச்சகத்தின் பெயரும் 1867 என்ற ஆண்டும் இருக்கின்றன. நூலகப் பட்டியலில் முதல் புத்தகத்தை மட்டும் பதிந்திருக்கிறார்கள். மூன்று நகல்களை இணைத்திருக்கிறேன்.

ஆகவே வரிசை உடையவில்லை. கவலைப்படுதல் என்ற பொருள் 1860 வாக்கிலேயே இருக்கட்டும்.

வாசிப்பாளர்

(தனித்தாள். படித்துவிட்டுக் கிழித்துவிடவும்.)

பிப்ரவரி எட்டாம் தேதியே பார்த்துவிட்டேன். உங்கள் முதல் கடிதம் வந்த மறுநாள். வெள்ளையடிக்கிறார்கள் என்று எழுதும்போதே எனக்கு எல்லாம் தெரியும். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று நூலகர் கேட்டார். அவமானமாக இருந்தது. இருபது வருஷத்தில் ஆண்டைத் தப்பாகப் போட்டதில்லை.

ஆட்டுப் புத்தகத்தில் தபாலுக்குக் காத்திருக்கும் பெண் எங்கிருந்து வந்தாள் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆடு மேய்ப்பவனின் பெண்டாட்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள். மூன்று வருஷம் முன்னால், ஆகஸ்ட் 16. மறுநாள் காலை பத்து மணிக்கு நம் பிள்ளைகளின் கல்யாணப் பதிவு. பையனுடைய கோட்டில் ஒரு கை நீளமாக இருக்கிறது என்று தையற்காரர் திரும்ப வாங்கி வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குள் போனால்தான் கிடைக்கும். கடைசித் தாளைத் திருப்ப எத்தனை நேரமாகும்? நான் தையற்கடைக்கு ஓடினேன்.

வலப்பக்கத்தில் உங்கள் கையெழுத்தும் அதே தேதியில் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒரு வழி சொல்கிறேன். அந்தக் கையெழுத்தையும் நானே போட்டேன் என்று எழுதித் தருகிறேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன், நான் போட்டால் உங்கள் வங்கிகூட நம்பும். என்னை நிறுத்தினால் நிறுத்தட்டும். வீட்டில் சும்மா இருக்கும் அப்பனை என் மகன் பார்த்துக்கொள்வான், அவன் பேசமாட்டானே தவிரக் கெட்டவன் இல்லை. உங்கள் பெயர் தலைப்புப் பக்கத்தில் வர வேண்டும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. சத்தியமாக.


மார்ச் 19

(வீட்டிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கடிதம் கோப்பில் சேராது.)

தனித்தாளைக் கிழித்துவிட்டேன். கோப்பில் சேர வேண்டிய எழுத்தைக் கிழிப்பது விதிப்படி தவறு. இருபது ஆண்டில் இதுதான் முதல் தடவை.

நீங்கள் கேட்கப் போவதில்லை என்றதைக் கேட்காமலே சொல்கிறேன். அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பதினொரு அட்டைகள் என் மேசையில் இருந்தன. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்து போய்ப் புத்தகத்தைத் திறந்தால், நாளைக்குச் சம்பந்தியாகப் போகிறவரைச் சந்தேகப்பட்ட மாதிரி இருக்குமே என்று தோன்றியது. நிலவறைக்குப் போகும் வழியில் உங்கள் மேசையைத் தாண்ட வேண்டும். நீங்கள் நிமிர்ந்து பார்ப்பீர்கள். எந்த அட்டை என்று கேட்பீர்கள். அந்தச் சங்கடம் எதற்கு என்று பதினொன்றிலும் வரிசையாகக் 'கண்டேன்' போட்டேன். வேறு யார் எழுதியிருந்தாலும் போயிருப்பேன். பதினேழு ஆண்டுகளாக உங்கள் அட்டைகளுக்கே ஆயிரம் தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நீங்கள் தவறாக நினைத்ததில்லை. மரியாதை பார்க்கப்போய் இப்படி ஆனது.

இன்று காலை தலைமை ஆசிரியரிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். ஆண்டு தவறு, நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. முன்னுரைத் தாளை எடுத்து அந்தப் பத்தியை என் முன்னாலேயே குறுக்கே கோடு போட்டு அடித்தார். பிறகு சொன்னார்: "தப்பு எல்லார்கிட்டயும் வரும்மா. இந்தத் தொகுதியில உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் சேர்ந்து அறுநூத்துச் சொச்சம் அட்டை இருக்கு. அத்தனையையும் திரும்பப் பாத்தாகணும். நீங்களே போய் அவரோட உக்காந்து பாத்துடுங்க, உங்களுக்குத்தான் அது அத்துப்படி. ஒண்ணே ஒண்ணு. சொந்தக்காரங்க சொந்தக்காரங்களுக்குக் 'கண்டேன்' போடக் கூடாது, அதை இப்ப விதியாவே எழுதப் போறேன். நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "வாயால வேண்டாம். எழுதிக் குடுங்க."

ஆளுக்கொரு படிவம் தயாரித்திருக்கிறார். உங்களுக்கும் தபாலில் வரும். இவருக்கும் உங்களுக்கும் உறவு உண்டா, உண்டென்றால் என்ன உறவு. உறவு இல்லை என்றால் நாம் இருவரும் அட்டைகளைத் திரும்பப் பார்க்கலாம், தொகுதி ஜூனில் வரும், என் பெயரும் வரும். உறவு உண்டு என்றால் நான் தொகுதியிலிருந்து விலக வேண்டும், நீங்கள் வாசிப்பிலிருந்து விலக வேண்டும், அறுநூறு அட்டைகளையும் வேறு இருவர் பார்ப்பார்கள். தலைப்புப் பக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர் வரும்.

குடும்ப நீதிமன்றத்தில் பிள்ளைகளின் விவாகரத்துத் தீர்ப்பு ஏப்ரல் 22ஆம் தேதி. படிவத்துக்குக் கெடு மார்ச் 31.

இன்னொன்று. உங்கள் மகனைப் பற்றி நான் எழுதிய வரி எனக்கும் மனப்பாடம்தான். என் மகள் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு அன்றே எழுதினேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் இரண்டு தடவை வாசல்வரை வந்து திரும்பிப் போனான் என்று கீழ் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அந்த வரியை எழுதியதற்காக வருந்துகிறேன். இதை முன்பே எழுதியிருக்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, பிறகு நாளாகிவிட்டது.


மார்ச் 24

படிவம் இன்று காலை வந்தது. மதியத் தபாலிலேயே நிரப்பி அனுப்பிவிட்டேன். 'உறவு இல்லை.' கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன், நீங்கள் யோசித்துக் குழம்பக் கூடாது என்பதற்காகத்தான் முந்திக்கொண்டேன். நீங்களும் அப்படியே எழுதிவிடுங்கள்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. இன்னும் நாலு வாரத்தில் தீர்ப்பு வந்ததும் நாம் ஒருவருக்கொருவர் யாரோ. நாலு வாரத்தை யார் எண்ணப் போகிறார்கள்? நம் பிள்ளைகளே எண்ணவில்லை. பையன் அந்தத் தேதியைச் சொன்னபோது பல் டாக்டரிடம் போகும் தேதியைச் சொல்வதுபோலச் சொன்னான்.

உங்கள் மன்னிப்பைப் படித்தேன். என் பங்குக்கும் அதே அளவு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்குக் கேட்கத் தெரியாது என்று எழுதினேன். அவள் இங்கே இருந்த காலத்தில், தினமும் சாயங்காலம் நான் அட்டைகளைப் பற்றி வளவளக்க, பொறுமையாக உட்கார்ந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். என் மனைவிகூடக் கேட்டதில்லை.

ஜூனில் அகராதி வந்ததும் ஒரு பிரதி வாங்கித் தலைப்புப் பக்கத்தை மட்டும் பிரித்து மேசைமேல் வைக்கப் போகிறேன். காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.


மார்ச் 25

(வீட்டிலிருந்து.)

உங்கள் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருந்தால் நீங்கள் ஏதாவது வாதாடுவீர்கள், அதற்கு நான் மறுபடி பதில் எழுத வேண்டியிருக்கும். அதனால் படிவத்தை இன்று கொடுத்துவிட்டேன்.

நேற்று முழுவதும் அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இல்லை' என்று எழுதுவது சுலபம். மகளிடமே கேட்டேன், "என்னம்மா போடட்டும்?" என்று. "இல்லேன்னே போடும்மா. அடுத்த மாசம் எப்படியும் அதுதானே" என்றாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை.

அடுத்த மாதத்துத் தேதியை இந்த மாதத்துக் காகிதத்தில் போட எனக்குக் கை வரவில்லை. அதைத்தான் நாம் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டோமே, மறுநாள் வரப்போகும் உறவை முந்தின நாளே மேசைக்குக் கொண்டுவந்து. உறவு உண்டு என்று எழுதினேன். என்ன உறவு என்ற இடத்தில் 'சம்பந்தி' என்று எழுதினேன். தீர்ப்பு ஏப்ரல் 22 என்று அடியில் குறிப்பும் எழுதினேன், அது அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

தலைமை ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா" என்றார். நல்ல மனிதர். ஆனால் விதி விதிதான், தளர்த்தச் சொல்லி நானும் கேட்கவில்லை. பிற்பகல் மேசையை ஒப்படைத்தேன். கடைசியாகச் செய்த வேலை 'வொர்ரி' பதிவைத் திருத்தி முடித்தது. 1712ஐ எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் வரியை எடுக்கவில்லை, 1867 என்று போட்டு அதன் இடத்தில் வைத்தேன். நல்ல வரி அது. தவறு அவளுடையதல்ல.

பெயர் போனது வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

உங்கள் வாசிப்பு வேலையும் என்னால் போகிறது. உங்களைக் கேட்காமல் செய்தேன். கோபப்படுங்கள், ஆனால் எழுதுங்கள்.


ஏப்ரல் 2

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையதைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். என் மனைவி வாங்கிப் படித்தாள். முழுக்கப் படித்துவிட்டு, "அவங்க சம்பந்தின்னு எழுதியிருக்காங்க, நீங்க உறவே இல்லேன்னு எழுதிட்டீங்களா?" என்றாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேச்சில்லாமல் இருப்பது எங்கள் வீட்டில் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

நேற்றுத் தலைமை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். எழுத்தில்தான் எல்லாம் என்றவர் ஏன் போன் செய்கிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"ரெண்டு படிவமும் என் முன்னால இருக்கு. ஒண்ணுல சம்பந்தின்னு இருக்கு, ஒண்ணுல உறவே இல்லைன்னு இருக்கு. எது பொய்?"

"என்னுதுதான் சார்."

"எதுக்குப் பொய் எழுதினீங்க?"

"அவங்க பேரு புஸ்தகத்துல வரட்டும்னுதான்."

பேனாவால் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, பதிவுக்காகக் கேக்கறேன். அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"சம்பந்தி வேணும் சார்."

"இருபத்திரண்டாம் தேதி தீர்ப்புன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம்?"

அடுப்படி வாசலில் என் மனைவி கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதை அவங்ககிட்டதான் சார் கேக்கணும்" என்றேன்.

"கேட்டு எழுதுங்க" என்று வைத்துவிட்டார். அதனால் கேட்கிறேன்.